ரப்பர் தேனுக்கு ஒரு தலைப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துத் தேன் வியாபாரி விளம்பரம் கொடுக்க வரும்போது கையோடு எழுதிக் கொண்டுவரும் விளம்பரத் தலைப்பு அநேகமாக இதுதான்: ‘எங்களிடம் சுத்தமான, தரமான தேன் குறைந்த விலையில் கிடைக்கும்’. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கடைப் பெயரை விரலால் மறைத்து, எதிர்க்கடையின் பெயரை அங்கே வைத்துப் பாருங்கள். அப்போதும் தலைப்பு கச்சிதமாகப் பொருந்துகிறதா? தூக்கிப் போட்டுவிடலாம்.

எழுதுவதைவிடக் கேட்பதுதான் பெரிய வேலை. தேனீப் பெட்டி எங்கே வைக்கிறீர்கள், எந்த மாதம் எடுக்கிறீர்கள், வாங்கிப் போனவர்கள் என்ன குறை சொல்லித் திரும்பி வருகிறார்கள்? தலைப்பு பெரும்பாலும் கடைசிக் கேள்விக்குள்தான் கிடக்கும். “உறைஞ்சு போச்சு, சீனி கலந்திருக்குன்னு சண்டைக்கு வாறாவ” என்பார் வியாபாரி. அங்கே பேனாவை எடுக்கலாம்.

ரப்பர் மரத்திலிருந்து தேனீ சேர்க்கும் ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து தளிர் விடும் பருவத்தில், காம்பில் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்துச் சுரப்பிகளில் ஊறுவதைத் தேனீ எடுக்கிறது. குளுக்கோஸ் கூடுதலான தேன் சீக்கிரம் உறையும்; ரப்பர் தேன் அந்த வகை. இந்தச் செய்தியை வைத்து எழுதிப் பார்க்கலாம். ‘இது பூவில் எடுத்த தேன் அல்ல’ என்பது ஆளை நிறுத்தும். ஆனால் பஸ்ஸில் போகிறவர் ‘தேன் அல்ல’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ‘உறைந்தால்தான் அசல்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. உறையாத நல்ல தேனும் உண்டு, உறைவது மட்டுமே சுத்தத்துக்குச் சான்றும் ஆகாது. ‘ரப்பர் தேன் உறையும். வெந்நீரில் வைத்தால் இளகும்.’ இதில் அலங்காரம் இல்லை, ஆனால் வாங்குபவரின் சந்தேகத்துக்கு நேரே பதில் சொல்கிறது. கை பொறுக்கும் சூடு போதும், பாட்டிலை அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்பதைக் கீழே சிறிய எழுத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஒன்று கிடைக்கப் பதினைந்து, இருபது தலைப்பாவது எழுத வேண்டியிருக்கும். முதல் ஐந்தும் ஊரில் எல்லோரும் எழுதுவதுதான். அவற்றை எழுதித் தீர்த்தால்தான் மற்றவை வெளியே வரும்.

தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் வரும், பொருள் கடைசியில் வரும். ‘பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்களில் வைத்த பெட்டிகளிலிருந்து மாசியில் எடுத்த தேன்’ என்று எழுதினால், விற்கும் சரக்கு என்னவென்று தெரிய ஏழு சொற்களைத் தாண்ட வேண்டும். ‘மாசித் தேன்’ என்று முதல் வரியில் வைத்து, மற்றதைத் துணைத்தலைப்புக்குத் தள்ளுங்கள். ‘கிடைக்கும்’, ‘விற்கப்படும்’ இரண்டையும் வெட்டிவிடலாம். கடை விளம்பரத்தில் வேறென்ன செய்யப் போகிறார்கள்?

காலையில் பத்திரிகைக்குள் செருகி வரும் நோட்டீஸில் பத்துச் சொல் தாங்கும். ஃபிளெக்ஸில் தாங்காது. ஒரு அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்தில் சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டு எழுதுபவர்களின் பொதுக் கணக்கு. அறுபது அடிக்கு ஆறு அங்குலம் வேண்டும். நம் எழுத்துகள் அகலமானவை. கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் இடம் தின்னும். ஓரம் விட்டால் பத்தடி ஃபிளெக்ஸில் ஒரு வரிக்குப் பதினான்கு எழுத்துதான் உட்காரும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி அந்த அறுபது அடியை இரண்டு வினாடிக்குள் கடந்துவிடும். மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. இதைச் சொன்னால் கடைக்காரருக்குக் கோபம் வரும். தன் படம், மகன் படம், ஐந்து போன் நம்பர் எல்லாவற்றுக்கும் அவர் மனதில் ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருப்பார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய தலைப்பைப் பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கும் அச்சகமானால், ஒட்டியதை முதலில் மாற்றியாக வேண்டும். அங்கேயும் எழுத்து உடையும். தட்டச்சு செய்ததோடு அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ப்ரூஃப் வந்ததும் முதலில் கொ, தே, பை போன்ற எழுத்துகளைப் பாருங்கள். ஃபிளெக்ஸ் ஓடிய பிறகு திருத்தம் என்றால் புது ஃபிளெக்ஸ்தான். ப்ரூஃபிலேயே வரி எங்கே உடைகிறது என்றும் பார்க்க வேண்டும்: ‘சர்க்கரை’ ஒரு வரியிலும் ‘சேர்க்காத தேன்’ அடுத்த வரியிலும் விழுந்தால் முதலில் கண்ணில் படுவது சர்க்கரை.

இந்த மாவட்டத்தில் தேனைவிட ஆபத்தான தலைப்புகள் வர்ம வைத்தியசாலைகளிலிருந்து வருகின்றன. பக்கவாதம், சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. நோட்டீஸ், லேபிள், மேலுறை மட்டுமல்ல, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் அந்தச் சட்டப்படி விளம்பரம்தான். ‘தேன் குடித்தால் சர்க்கரை நோய் தீரும்’ என்ற வரியும் இதில் மாட்டும். தள்ளுபடித் தலைப்புக்கு வேறு கட்டுப்பாடு: 2022 இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்படி, நிபந்தனையும் தலைப்பின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் ‘50% தள்ளுபடி’ என்று போட்டுவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் நிபந்தனை வைப்பது செல்லாது.

வைத்தியருக்கு எழுத வேறு விஷயம் இல்லாமல் இல்லை. பதிவு பெற்றவரா, எண்ணெயை அங்கேயே காய்ச்சுகிறாரா, எந்தக் கிழமை இருப்பார்? களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு ‘ஞாயிறும் வைத்தியர் உண்டு’ என்பது போதுமான தலைப்பு.