ஆட்டிசம் என்றார்கள், ஸ்மித்-மெஜெனிஸ் என்று வந்தது

என் மகனுக்கு முதலில் கிடைத்த பெயர் ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு-மிகைத் துறுதுறுப்பு. பேச்சு வரத் தாமதம், கோபம் வந்தால் தலையைச் சுவரில் முட்டுவது, தன் கையையே கடிப்பது, எல்லாம் அதில் அடங்கும் என்றார்கள். சரி என்று கேட்டுக்கொண்டோம். ஆனால் அவன் தூக்கம் எதிலும் அடங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து விளையாடத் தொடங்குவான், மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவான். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, கீழ்வீட்டுக்காரர்கள் எங்களை எவ்வளவு பொறுத்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அக்காதான் வேறு மாதிரி கேட்டார்: "சந்தோஷமா இருந்தா என்ன செய்வான்?" அதுவரை யாரும் அவன் கோபத்தைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. சந்தோஷம் வந்தால் தன்னையே இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உடம்பை முறுக்குவான். புத்தகம் கிடைத்தால் விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டுவான், படம் இருக்கிறதோ இல்லையோ. நகத்தைப் பிய்த்து இரத்தம் வந்தாலும் அழமாட்டான். இதையெல்லாம் வீடியோ எடுங்கள், தூங்குகிற நேரத்தை எழுதி வையுங்கள் என்றார். அப்புறம் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி மரபியல் டாக்டரிடம் போனோம்.

அவர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு குரோமோசோமில் மிகச் சிறிய இழப்பையும் காட்டும் மைக்ரோஅரே இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முன்பு எடுத்த சாதாரண குரோமோசோம் பரிசோதனை நார்மல் என்றுதான் வந்திருந்தது, இவ்வளவு சிறிய இழப்பு அதில் தப்பிவிடலாமாம். முடிவு வந்தது: ஸ்மித்-மெஜெனிஸ் சிண்ட்ரோம். 17ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை, இந்த சிண்ட்ரோமுக்கு முக்கியக் காரணமான ஆர்ஏஐ1 மரபணு அதற்குள்தான் இருக்கிறது. 15,000 முதல் 25,000 பேரில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை என்று டாக்டர் சொன்னதை என் மாமியாரிடம் நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

தூக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. இரவில் சுரக்கவேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பகலில் சுரக்கிறது. டாக்டர் கண்காணிப்பில் இரவு மெலடோனின் கொடுக்கிறோம், ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் இப்போது நானும் கொஞ்சம் தூங்குகிறேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டுக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்க, டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட்ட பாரம் வேண்டும். அதில் சிண்ட்ரோமுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, எங்களுக்கு 'கற்றல் குறைபாடு' என்றுதான் போட்டார்கள். மரபணு ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே கொண்டுபோங்கள், நோயின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வேலை மிச்சம்.