ரோட்டில் ஒரு பேர், சட்டத்தில் ஒரு பேர்

அபராதத் தொகை எல்லோருக்கும் மனப்பாடம். ஹெல்மெட் போடாவிட்டால் 1,000, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. ஆனால் போட்ட கேஸ் நிற்குமா விழுமா, விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தருமா கையை விரிக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 2-வது பிரிவில்தான் முடிவாகிறது. சொற்களுக்குப் பொருள் சொல்கிற பிரிவு அது. நீளமாக, சுவாரசியமே இல்லாமல் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அடிக்கடி தகராறாகிற சில சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 'மோட்டார் வாகனம்'. இயந்திர விசையால் ஓடி, சாலையில் ஓட்டுவதற்கு ஏற்றதாக இருந்தால் அது மோட்டார் வாகனம். பாடி கட்டாத வெறும் சேஸிஸும் இதில் அடக்கம், ட்ரெய்லரும் அடக்கம். தண்டவாளத்தில் ஓடுவதும், மில்லுக்குள்ளேயோ வேறு அடைத்த வளாகத்துக்குள்ளேயோ மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த சிறப்பு வண்டியும், நான்கு சக்கரத்துக்குக் குறைவாக 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ளதும் வெளியே நிற்கும். 25 சிசி என்பது தம்மாத்துண்டு எஞ்சின். காட்டுக்கும் சந்தைக்கும் ஓடுகிற எந்த மொபெட்டும் அந்தச் சலுகைக்குள் வராது.

நம்ம பக்கம் பெரிசுகள் இன்னும் 'டிவிஎஸ் ஃபிஃப்டி' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது கடையில் கிடைக்கிற எக்ஸ்எல் 100 வண்டியின் எஞ்சின் 99.7 சிசி. பதினாறு வயதுக்கு லைசென்ஸ் என்பது 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். 'ஃபிஃப்டிதானே' என்று பதினோராம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்து, அவன் அதில் விபத்து செய்தால், 199-ஏ பிரிவின்படி பெற்றோரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளி: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கூப்பிடுகிற பேரை வைத்து அதிகாரி முடிவு செய்ய மாட்டார், ஆர்.சி.யில் உள்ள சிசியைத்தான் பார்ப்பார்.

மின்சார ஸ்கூட்டரிலும் இதே கதை. 'ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்' என்று விற்கிற வண்டிக்கு அந்த விலக்கு கிடைப்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் ஒரு விளக்கத்தால். மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் கீழே, உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமல், பிரேக்கோடு முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு. இவை அத்தனையும் ஒன்றாகப் பொருந்தினால்தான் அது 'மோட்டார் வாகனம் அல்ல'. வாங்கிய வாரத்திலேயே மெக்கானிக்கிடம் கொடுத்து ஒரு ஒயரைக் கழற்றி ஸ்பீடு லாக்கை எடுத்துவிடுகிறார்கள். வேகம் நாற்பதைத் தொட்ட அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யாரையாவது இடித்தால் நஷ்டஈடு முழுக்க ஓட்டியவர் தலையில். விற்கிற கடைக்காரர் இதைச் சொல்லுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது 'பொது இடம்'. பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள சாலை, தெரு, வழி, வேறு எந்த இடமும். அது ஊடுவழியாக இருக்க வேண்டியதில்லை. பஸ் பயணிகளை ஏற்றி இறக்கும் இடமும் சேர்த்தி. முட்டுச் சந்தும் பொது இடம்தான். கல்யாண மண்டப வாசல், நகைக்கடையின் அடித்தள பார்க்கிங், மார்க்கெட் கமிட்டி வளாகம் இவையெல்லாம் தனியார் இடமாச்சே என்கிற வாதம் அடிக்கடி வரும். இன்சூரன்ஸ் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1999-லேயே இந்தச் சொல்லை விரித்துப் பொருள் கொண்டது. அனுமதியின் பேரிலோ கட்டுப்பாட்டோடோ பொதுமக்கள் வந்துபோகிற தனியார் இடமும் இதற்குள் வரும்.

ஒவ்வொரு பிரிவும் இந்தச் சொல்லை ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை என்பதையும் கவனியுங்கள். லைசென்ஸ் (3), ஹெல்மெட் (129), மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (146) மூன்றும் பொது இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. பதிவு பற்றிய 39-வது பிரிவோ 'பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ' என்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய 185-இல் பொது இடம் என்ற சொல்லே கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், சொந்தத் தோப்புக்குள் ஓட்டினாலும் அந்தப் பிரிவில் தப்பிக்கிற வாசல் எழுதி வைக்கவில்லை.

பஸ் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். காந்திபுரத்திலிருந்து ராத்திரி சென்னைக்குக் கிளம்புகிறதே, அதை 'ஆம்னி பஸ்' என்கிறோம். சட்டத்தில் 'ஆம்னிபஸ்' என்றால் ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்த எந்த வண்டியும். பள்ளிக்கூட பஸ்ஸும் ஆம்னிபஸ்தான். ராத்திரி வண்டிக்கு உள்ள பெர்மிட் 'கான்ட்ராக்ட் கேரேஜ்'. முழு வண்டியையும் ஒரு ஒப்பந்தத்தின் பேரில், இங்கிருந்து அங்கே என்று எடுத்துக்கொள்வது. வழியில் ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை ஏற்றவோ இறக்கவோ கூடாது. ஆளுக்கு ஆள் தனித்தனி டிக்கெட், பயணம் முழுக்கவோ ஸ்டேஜுக்கு ஸ்டேஜோ கட்டணம் என்றால் அது 'ஸ்டேஜ் கேரேஜ்'. டவுன் பஸ், மொபசல் பஸ், 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டிய பஸ், எல்லாம் அந்த இனம். கான்ட்ராக்ட் கேரேஜ் வண்டி அவினாசியிலும் பெருந்துறையிலும் நின்று கைகாட்டுகிறவரை ஏற்றிக் காசு வாங்கும்போது பெர்மிட்டை மீறுகிறது. பயணிக்கு அது வசதி, அதனால் யாரும் கேட்பதில்லை.

திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது 'பிரைவேட் சர்வீஸ் வெஹிக்கிள்'. ஓட்டுநர் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய வண்டியை அதன் உரிமையாளரே தன் தொழிலுக்காக, வாடகை வாங்காமல், ஆட்களை ஏற்றிப்போகப் பயன்படுத்துவது. பனியன் கம்பெனி தன் பேரில் வேன் வாங்கி டெய்லர், செக்கிங் ஆட்களைக் கூட்டி வந்தால் இந்த வகை. கம்பெனிப் பேரில் இருப்பதால் சொந்தக் கார் மாதிரி ஒயிட் போர்டு போதும் என்று நினைப்பது தப்பு. இது ட்ரான்ஸ்போர்ட் வாகனம், தனி பெர்மிட்டும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் வேண்டும். அதே கம்பெனி வேன்காரரிடம் மாதக் கான்ட்ராக்ட் பேசினால் அந்த வண்டி இந்த வகையில் வராது. உரிமையாளரின் தொழிலுக்கு ஓடவில்லை, வாடகைக்கு ஓடுகிறது. அதற்குக் கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட் வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு: வேன் கம்பெனியுடையது, ஆனால் வாரச் சம்பளத்தில் 'வண்டி சார்ஜ்' என்று பிடிக்கிறார்கள். 'வாடகை வாங்காமல்' என்ற நிபந்தனை அங்கேயே ஆட்டம் காண்கிறது. விபத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது சம்பளப் பட்டியலைத்தான். பிடித்தம் செய்கிற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அந்தச் சில நூறு ரூபாய்க்கு இத்தனை ஆபத்து தேவையில்லை.

சொந்த போர்டு காரை ஊட்டிக்கு வாடகைக்கு விடுவதும் இந்த ரகம்தான். வாடகைக்கு ஆள் ஏற்றிய நேரத்தில் அது 'பப்ளிக் சர்வீஸ் வெஹிக்கிள்'. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என்கிறது 192-ஏ. பிரைவேட் கார் பாலிசியில் வாடகைப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும் என்பதால், வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குக் கிளெய்ம் போனாலும் கிடைக்காது. சரக்கிலும் அப்படியே: சரக்குக்கென்று கட்டாத வண்டியும், சரக்கு ஏற்றப் பயன்படும்போது 'கூட்ஸ் கேரேஜ்' என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பின் சீட்டை மடக்கி காதர்பேட்டைக்கு பீஸ் மூட்டை ஏற்றுகிற வேன்காரர்கள் இதைப் படித்துக்கொள்வது நல்லது.

எடை விஷயம் இப்போது கொஞ்சம் தெளிந்துவிட்டது. 'இலகு மோட்டார் வாகனம்' என்றால் ட்ரான்ஸ்போர்ட் வண்டிக்கு மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்குமாகச் சேர்த்துப் பதிவு செய்த எடை, 7,500 கிலோவுக்கு மேற்படக்கூடாது. காருக்கும் ட்ராக்டருக்கும் வெற்று எடையைப் பார்ப்பார்கள். வெற்று எடையில் ஓட்டுநர் எடை சேராது. வழக்கமாக வண்டியோடு இருக்கும் சாமான் சேரும். கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டலாமா என்ற நெடுநாள் சண்டையை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 6.11.2024 அன்று முடித்து வைத்தது. 7,500 கிலோவுக்குள் இருந்தால் ஓட்டலாம், லைசென்ஸில் அதற்கென்று தனி ஒப்புதல் வேண்டியதில்லை. இ-ரிக்‌ஷாவும் அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியும் இதில் சேராது. சின்ன யானை (டாடா ஏஸ்), பிக்கப் எல்லாம் இந்த வரம்புக்குள் நிம்மதியாக அடங்கும். பதினான்கு அடி வண்டி வாங்குகிறவர் மட்டும் மாடலைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆர்.சி.யில் லேடன் வெயிட்டை, அதாவது அந்த மொத்த எடையைப் பார்க்க வேண்டும். சிலது எல்லைக்கு இந்தப் பக்கம், சிலது அந்தப் பக்கம்.

ட்ராக்டர் என்பது தானாகச் சுமை ஏற்றாத வண்டி. தேங்காய், கரும்பு ஏற்றுவது ட்ரெய்லர். சட்டத்தின் கண்ணில் அது தனி வாகனம், தனிப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். ட்ரெய்லர் மாட்டியதால் ட்ராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொல்லிவிட்டது. மட்காடு மேல் உட்கார்ந்து வருகிறவருக்குத்தான் எதிலும் இடமில்லை.

'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு இங்கே நிறையப் பேர் பலியாகிறார்கள். யார் பேரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். பேருக்குரியவர் மைனர் என்றால் காப்பாளர். ஃபைனான்ஸில் இருந்தால் ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவர். காசு கொடுத்தவர், சாவி வைத்திருப்பவர், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் யாரும் கணக்கில்லை. ஈரோட்டில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் பழைய பைக்கைத் தள்ளிவிட்டு, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, டெலிவரி நோட்டை வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். அந்த பைக் நான்கு கை மாறி யாரையாவது இடித்தால் நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2018-இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது. ஆனாலும் பதிவில் பேர் இருந்தவரே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29-ம் 30-ம். கடன் இருந்திருந்தால் ஃபைனான்ஸில் கையெழுத்தான படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும். படிவம் 30-இல் வாங்குபவர் பேரைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விட்டால் படிவம் 29-சி வழியாக ஒப்படைத்ததை ஆன்லைனில் பதிவு செய்யலாம். 2023 ஏப்ரலிலிருந்து வந்த ஏற்பாடு இது, அதன்பின் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்குகிறவருக்கும் ஒன்று: மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் தானாக உங்களுக்கு மாறிவிடும், வண்டிச் சேதத்துக்கான பகுதி மாறாது. 14 நாளுக்குள் பாலிசியில் பேர் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நிறுத்துவது. ஒப்பணக்கார வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ 'நோ பார்க்கிங் போர்டே இல்லீங்களே' என்று வாதாடுகிறவர்கள் 122-வது பிரிவைப் பார்க்க வேண்டும். ஆபத்தோ இடைஞ்சலோ மற்றவருக்குத் தேவையில்லாத சிரமமோ தருகிற மாதிரி பொது இடத்தில் வண்டி நின்றால் குற்றம்; போர்டு இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 126 இன்னொன்று: ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இல்லாவிட்டால் எஞ்சினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும். வண்டியை ஓடவிட்டுப் பார்சலோடு மாடிப்படி ஏறுகிற டெலிவரிப் பையன் இதில் மாட்டுவான். வண்டியைத் தூக்கிப்போவதும் சக்கரத்தைப் பூட்டுவதும் 127: தடை செய்த இடத்தில் நின்றாலோ, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தாலோ, அந்த எல்லைக்குட்பட்ட, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி சொல்ல வேண்டும். டோயிங் வண்டி டிரைவர் தானாக முடிவு செய்ய முடியாது, கூட அதிகாரி இருந்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தூக்கியது முறைப்படி என்றால் டோயிங் செலவு அபராதத்துக்கு மேல் தனியாக உரிமையாளர் கணக்கில் ஏறும்.