மாத்திரையும் பாலும்: பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 9, 2025

பீரோவில் புடவைக்கு அடியில் மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது. செர்ட்ரலின், 25 மில்லிகிராம். வாங்கும்போதே மெடிக்கல் ஷாப்காரர் என் தோளில் கிடந்த பாப்பாவைப் பார்த்துவிட்டு, "பால் குடுக்கிறீங்களா? அப்ப இது வேண்டாம் மேடம்" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அது போதாதா? கிருஷ்ணகிரியிலிருந்து சுறாக் கருவாடும் பேறுகால லேகியமுமாக வந்து இறங்கியவள். "பால் ஊறணும்னு நான் உக்காந்து பூண்டு உரிக்கிறேன். நீ அதுல போய் மருந்தக் கலக்கறேங்கற" என்கிறாள்.

பாப்பா தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது, கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பது, மறுபடி மூக்கு. விடிந்ததும் காரணமே இல்லாமல் அழுகை. இந்த மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மனநல டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

'வேண்டாம்' என்று சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. அதைக் கேட்டு மாத்திரையை விட்டவளுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் வந்து விசாரிக்கப்போவதில்லை.

ஜூன் 11

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மனநல டாக்டரிடமே மறுபடி போனேன். டாக்டர் சேலத்துக்காரர், அதனால் அம்மா நேரடியாகவே சண்டை போட முடிந்தது.

அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அம்மா சாப்பிடும் மருந்தில் எவ்வளவு பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது என்று இருவரின் எடையையும் வைத்துப் பார்ப்பார்களாம். நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் பெரும்பாலான மருந்துகளைப் பால் கொடுக்கும்போது சாப்பிடலாம் என்பது பொதுவான அளவுகோல். செர்ட்ரலினுக்கு அது வழக்கமாக மூன்றைக்கூடத் தாண்டுவதில்லை. பால் குடித்த குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கே மருந்து இல்லை. அதனால்தான் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு முதலில் இதை யோசிக்கிறார்கள். இதே வகையில் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மருந்தென்றால் உடம்பில் நாள்கணக்கில் தங்கும், பாலிலும் கூடுதலாக இறங்கும். ஆனால் அதிலேயே குணமாகி நன்றாக இருப்பவரை அவசரப்பட்டு வேறு மருந்துக்கு மாற்றவும் மாட்டார்களாம்.

"மாத்திரை போட்டதும் அந்தப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிடணுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இந்த மருந்து நாள் முழுக்க உடம்பில் இருக்கும், நேரம் பார்த்துக் கொட்டுவதில் பெரிய லாபமில்லை.

அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். "லேகியத்துல என்னென்ன போடுறீங்கம்மா? அதையும் எழுதிக் கொண்டாங்க. நாங்க குடுக்கிறது மட்டும்தான் மருந்தா?" அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவள் கைப்பையில் இருக்கும் தூக்க மாத்திரையை இரவில் எனக்கு ஒன்று கொடுக்கலாமா என்பதையும் அவளே கேட்டுவிட்டாள். கூடவே கூடாது என்றார். அல்பிரசோலம் வகை மாத்திரை பாப்பாவையும் மந்தமாக்கலாம். தூக்கம் வரவழைக்கும் எதைச் சாப்பிட்டாலும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது.

வைத்தியம் பார்க்காமல் விட்டால் அதன் பாதிப்பும் குழந்தைக்குத்தான் என்று கடைசியில் சொன்னார். ஆட்டோவில் வரும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 12

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரை. லேசான குமட்டல். ஒரு வாரம் 25, பிறகு 50. பலன் தெரிய இரண்டு வாரமோ நாலு வாரமோ ஆகும், அதற்குள் 'இது கேக்கல' என்று நிறுத்தக் கூடாது.

இரவு ஒரு வேளைப் பாலை இனி என் வீட்டுக்காரர் கொடுப்பார். பம்ப்பில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும், வெளியே என்றால் நாலு மணி நேரம். எனக்கு நடுவில் முழிக்காத ஐந்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மாத்திரைச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காட்டியதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

ஜூன் 25

குழந்தை டாக்டரிடம் போனோம். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவருக்கும் தெரிய வேண்டும் என்பது உத்தரவு. பாப்பா அளவுக்கு மீறித் தூங்குகிறாளா, பால் குடிக்க மறுக்கிறாளா, சிடுசிடுவென்று இருக்கிறாளா, எடை ஏறுகிறதா என்று கேட்டார். குறைமாதக் குழந்தையாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்களாம்.

எடை மெஷினில் போட்டதும் பாப்பா கால் இரண்டையும் உதைக்க, முள் நிற்கவே இல்லை. நர்ஸ் அவள் வயிற்றில் கை வைத்து, "மகு செனாகி ஹாலு குடித்தா இத்யா?" என்று கன்னடத்தில் கேட்டார். குடிக்கிறாள், நன்றாகவே. இரண்டு வாரத்தில் 340 கிராம் கூடியிருக்கிறது. அம்மா அந்த எண்ணை அங்கிருந்தே போனில் ஊருக்கு அறிவித்தாள்.

ஜூலை 2

மனநல டாக்டரிடம் காத்திருந்தபோது ஓசூரிலிருந்து வந்த ஒரு அக்காவோடு பேச்சு. அவர் சாப்பிடுவது லித்தியம் என்ற மனநல மருந்து. அது பாலில் நிறையவே இறங்குமாம். கொடுப்பதானால் குழந்தைக்கு ரத்தத்தில் லித்தியம், தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஆபத்து. அவருக்கு ராத்திரித் தூக்கம் கெட்டாலே நோய் திரும்பும் என்பதால் யோசித்துப் பவுடர் பாலுக்கு மாறிவிட்டார். முந்தைய பிரசவத்துக்குப் பின் இங்கே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருந்தாராம். அங்கே 2009-லிருந்து தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் வார்டு இருக்கிறது. "பிள்ளையப் பிரிக்காம பாத்தாங்க பாப்பா, அதுலயே பாதி சரியாயிடுச்சு" என்றார். அவர் பையில் ஃபிளாஸ்க், பவுடர் டப்பா, கழுவிய பாட்டில்கள். யாரும் கேட்காமலே, தாய்ப்பால் ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு முறை விளக்கினார். அந்த விளக்கத்தை அவரிடம் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருப்பார்களோ, எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜூலை 14

மத்தியானம் பாப்பாவோடு நானும் தூங்கிவிட்டேன். தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை என்பதே எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குணமானதாகத் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடர வேண்டும். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், போன நோய் திரும்புவது எல்லாம் உண்டு.

அம்மா நாளைக்கு ஊருக்குப் போகிறாள். துணி மடித்துக்கொண்டே, மாமா மருமகளும் பிள்ளை பெற்றதிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள், மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம் என்றாள். அரசாங்கத்தின் மனநல உதவி போன் டெலிமானஸ், எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தவள், "அந்த மாத்திர பேரையும் எழுது" என்றாள். மாட்டேன் என்றேன். அவளுக்கு எது ஒத்துவரும் என்று அவள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.