எல்லையில் நிற்பவரும் ஏடிஎம் வாசலில் நிற்பவரும்

2016 நவம்பரில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு, ஏடிஎம் வரிசையில் கால் கடுக்க நின்றவர் யாராவது முணுமுணுத்தால் உடனே ஒரு பதில் வரும்: எல்லையில் நம்ம ராணுவ வீரர்கள் பனியில் நிற்கிறார்கள், உன்னால் இரண்டு மணி நேரம் நிற்க முடியாதா? அது அப்புறம் மீம் ஆகி, பஸ் வராவிட்டாலும் சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் "எல்லையில் ராணுவ வீரர்கள்..." என்று ஆரம்பித்துச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த வரிசைக்குப் பக்கத்தில் யாரும் கவனிக்காத ஒருவர் இருந்தார். கண்ணாடிக் கதவை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி. எங்கள் வேலூர்ப் பக்கம் அந்த நாற்காலியில் இருப்பவர் பல இடங்களில் எக்ஸ் சர்வீஸ்மேன்தான். எல்லையில் நிற்கவேண்டியதையெல்லாம் நின்று முடித்துவிட்டு இப்போது ஏடிஎம் வாசலில் நிற்கிறார். அவருக்கு யாரும் சல்யூட் அடித்து நான் பார்த்ததில்லை. "பணம் இருக்கா இல்லையா, சொல்லுய்யா" என்று கத்தியதைத்தான் பார்த்தேன்.

வேலூர் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பட்டாளம் என்பது பெரிய அதிசயம் கிடையாது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்த ஊர்கள் உண்டு. முதல் உலகப் போருக்கே இங்கிருந்து ஆள் போயிருக்கிறார்கள். ஏன் போனார்கள் என்று கேட்டால் தேசபக்தி என்று சொல்லுவார்கள், அது பொய்யும் இல்லை, ஆனால் மழை இல்லாத பூமி, இரண்டு ஏக்கர் மானாவாரி, நான்கு பிள்ளைகள், பத்தாவதோடு நின்ற படிப்பு, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். மாதம் பிறந்தால் சம்பளம், வருஷத்துக்கு இரண்டு மாத லீவு, கேன்டீன் கோட்டா, பதினைந்து வருஷம் முடித்தால் ஆயுசுக்கும் பென்ஷன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நினைத்ததே இல்லை. "சோத்துக்குத்தான் போனோம், போன இடத்துல வேலையை ஒழுங்கா பார்த்தோம்" என்று சாதாரணமாகச் சொல்லுவார்கள். இந்த நேர்மை வெளியே நம்மிடம் இல்லை. ராணுவத்தில் சேர்ந்தவன் சம்பளத்துக்காகச் சேர்ந்தான் என்று யாராவது டிவி விவாதத்தில் சொல்லிப் பார்க்கட்டும், அன்றைக்கே தேசத்துரோகி ஆகிவிடுவார்.

அதே சமயம் பெண் கொடுக்கும்போது மட்டும் நம் ஆட்களுக்கு நல்ல தெளிவு. "மிலிட்டரி மாப்பிள்ளையா... யோசிச்சு சொல்றோம்." இதைச் சொன்ன வாயால்தான் ஆகஸ்ட் 15 அன்று ஸ்டேட்டஸும் வைக்கிறார்கள்.

வீரர் என்று கூப்பிடுவதில் எனக்கு இருக்கிற பெரிய சிக்கல், அப்படிக் கூப்பிட்ட பிறகு அந்த ஆள் வாய் திறக்கக் கூடாது என்று நாம் எதிர்பார்ப்பதுதான். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்த தேஜ் பகதூர் யாதவ் என்ற ஜவான், தங்களுக்குத் தரும் தண்ணியான பருப்பையும் கருகிய ரொட்டியையும் வீடியோ எடுத்துப் போட்டார். நாடே பார்த்தது. கொஞ்ச நாள் பரிதாபப்பட்டோம், அப்புறம் இவன் ஒழுக்கம் இல்லாதவன், குடிகாரன் என்று பேச்சு கிளம்பியது, ஏப்ரலில் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். பனியில் நின்றபோது வீரர், பருப்பு சரியில்லை என்றதும் பிரச்சினை பிடித்த ஆள். அதற்கு முன்னால் 2015-இல், ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. மார்பில் மெடல் குத்திக்கொண்டிருந்த கிழவர்களைப் பிடித்து இழுத்தார்கள். மறுநாள் காலையில் செங்கோட்டையில் கொடியேற்றம், ராணுவ மரியாதை, எல்லாம் வழக்கம்போல.

சரி, தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இந்த விஷயத்தில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, அதை நாம் பேசுவதில்லை. ஐபிகேஎப், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள், அமைதிப்படை என்று பெயர் வைத்து இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. முதலில் சனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி ஜவான்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். எங்கே இறங்குகிறோம், யார் காத்திருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாமலே அனுப்பப்பட்டவர்கள். அதே மாதம் தீபாவளி அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய ராணுவம் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. அதற்காக எந்த அதிகாரியும் கோர்ட்டில் நிறுத்தப்படவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்களை அப்படித்தான் கொன்றார்கள். இதை அனுபவித்த ஒரு ஈழத்தமிழரிடம் போய் இந்திய ராணுவ வீரருக்கு வணக்கம் வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் கூடாது.

அந்தப் படை அங்கே ஏறக்குறைய 1,200 பேரை இழந்தது. அதில் தமிழர்களும் உண்டு. இந்தப் படையில், போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், தமிழ்க் குடும்பத்தில் மும்பையில் பிறந்தவர்; 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார் என்கிறது விருதுக் குறிப்பு. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? 1990 மார்ச்சில் படை திரும்பி வந்தபோது சென்னையில் வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள். முதல்வராக இருந்த கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அன்றைய தமிழ்நாட்டு மனநிலையில் அது பெரும்பாலானவர்களுக்குச் சரியாகத்தான் பட்டது, எனக்கும் அந்த முடிவில் நியாயம் இருப்பதாகவே இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆனால் என் பெரியப்பா அந்தப் படையில் இருந்தவர். ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஏஎஸ்சி பிரிவில் டிரைவர். திருகோணமலைப் பக்கம் ரேஷன் லாரி ஓட்டினார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சில நாள் பிணம். ஊருக்கு லீவில் வந்தவரை டீக்கடையில் வைத்து "எத்தனை தமிழனைய்யா சுட்டே?" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார், அதுவும் சின்ன வயசிலிருந்து சேர்ந்து சுற்றிய ஆள். கேட்டவர் கெட்டவரெல்லாம் இல்லை, சுவரெல்லாம் ஈழ ஆதரவு போஸ்டர் இருந்த காலம். பெரியப்பா பதில் சொல்லவில்லை, டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார் என்று பெரியம்மா சொல்லுவாங்க. வெகு காலம் கழித்து நான் கல்லூரியில் படிக்கும்போது அவரிடம் நேரடியாகக் கேட்டேன், அங்கே நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்று. "தெரியும். எல்லாருக்கும் தெரியும். போகச் சொன்னவனைக் கேட்டாயா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, டிவியைப் போட்டுவிட்டார்.

இந்தப் பதிலை நான் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. அனுப்பியது டெல்லி என்பது உண்மை, ஆஸ்பத்திரியில் துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்தியது ஒரு தனி மனிதனின் விரல் என்பதும் உண்மை. ஆனால் படையைத் திட்டினோமே தவிர, உளவுத் தகவல் இல்லாமல் அனுப்பியவர்கள் யார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத புலிகளின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் யார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மொத்தமாகக் கொலைகாரர்கள் என்பதும் மொத்தமாக வீரர்கள் என்பதும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. லாரி ஓட்டியவன், ஆஸ்பத்திரியில் சுட்டவன், சுடாதே என்று சொல்லிப் பார்த்தவன் யாராவது இருந்திருந்தால் அவன், எல்லோரும் ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறார்கள், மூட்டையைக் கட்டி அனுப்பியவர் மட்டும் வெளியே நிற்கிறார்.

அதே தமிழ்நாடுதான் இது. 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் மேஜர் முகுந்த் வரதராஜன் இறந்தபோது சென்னையில் திரண்ட கூட்டம், 2024 தீபாவளிக்கு வந்த அவரைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு அழுத கண்கள், 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த ராமநாதபுரம் ஹவில்தார் பழனிக்கு வைத்த பேனர்கள், எதையும் நான் நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வீரர் என்ற சொல்லுக்கு முழுசாகத் தகுதியானவர்கள். ஆனால் 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் 10 பேரில் நான்கு பேர் தமிழ்நாடு. பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். அவர்கள் யாரோடும் சண்டை போடவில்லை, பனி விழுந்தது, செத்தார்கள். சியாச்சினில் 1984-இலிருந்து குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் செத்தவர்கள்தான் அதிகம். பத்தொன்பதாயிரம் அடி உயரத்தில் ஆளை வைத்திருக்க வேண்டுமா, இந்தியாவும் பாகிஸ்தானும் பேசி இறங்கிவரலாமா என்கிற கேள்வி ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இரண்டு நாள் வரும், "வீரமரணம்" என்று எழுதி முடித்ததும் அடங்கிவிடும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் தெருப் பையன்கள். காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடுகிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழுசாக 60 மார்க், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. அவர்களுக்குக் காத்திருப்பது என் பெரியப்பாவுக்குக் கிடைத்த வேலை இல்லை. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருஷம், அதிகபட்சம் நான்கில் ஒருவருக்கு நிரந்தர வேலை, மற்றவர்கள் கையில் சுமார் 11.71 லட்சத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தொகையிலும் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது. முதல் வருஷம் 30,000 சம்பளம், கையில் வருவது 21,000. பென்ஷன் கிடையாது. 'அக்னிவீர்' என்று வைத்த பெயரில் மட்டும் 'வீர்' இருக்கிறது. பீகாரில் பையன்கள் ரயிலைக் கொளுத்தினார்கள், செகந்திராபாத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பையன் செத்தான். நம் ஊரில் அந்த நேரம் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. ராணுவத்தை இளமையாக வைத்திருக்க வேண்டும், பென்ஷன் செலவு பட்ஜெட்டைத் தின்கிறது என்று அரசு சொல்லுகிற காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியானால் அதை நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம், கூடவே வீர முழக்கம் எதற்கு?

ஏரிக்கரையில் ஓடுகிற பையன்களில் ஒருவன், பக்கத்து வீடு, போன வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணா, நாலு வருஷம் கழிச்சு வெளிய வந்தா போலீஸ்ல எடுப்பாங்களா?" மத்தியக் காவல் படைகளில் 10 சதவீத இடம் ஒதுக்குவதாக 2022-இல் அறிவித்தார்கள் என்று சொன்னேன். சம்பளம், பிடித்தம், கடைசியில் வரும் தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஓகே, தங்கச்சி கல்யாணத்துக்கு அந்தப் பணம் உதவும் என்கிறார். அம்மா பாலிடெக்னிக் சேரச் சொல்லுகிறார்.