உப்புக்காற்றில் ஈ.ஆர். திரவம்: பாலிஅனிலின் பொடியிலிருந்து 2 கிலோவோல்ட் சோதனை வரை

மண்டபம், பாம்பன் பக்கம் இரும்பைத் தின்னும் அதே உப்பும் ஈரமும்தான் எலக்ட்ரோரியாலஜிகல் (சுருக்கமாக ஈ.ஆர்.) திரவத்தையும் கெடுக்கின்றன. எண்ணெயில் நுண்பொடியைக் கலந்து செய்வது; மின்புலம் கொடுத்ததும் கெட்டிப்பட்டு, எடுத்ததும் இளகுகிற திரவம் இது. அதிர்வைத் தணிக்கும் டேம்பருக்குள் ஊற்றினால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே தணிப்பை மாற்றலாம். இந்தத் திரவங்களை முதலில் ஆராய்ந்த அமெரிக்கர் வின்ஸ்லோ 1949-ல் கட்டுரை வெளியிட்ட காலத்தில் பொடியில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வேலை செய்தது. அனிலினிலிருந்து செய்யும் பாலிமரான பாலிஅனிலினுக்கு அந்த ஈரம் தேவையில்லை. அதனால்தான் கடற்கரைக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் உலர்த்துவதில் சறுக்கினால் அந்த நன்மை முழுவதும் போய்விடும்.

பாலிமர் செய்வது எளிது. அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராமை 50 மி.லி. வாலைவடிநீரில் கரைக்க வேண்டும். அமோனியம் பெர்சல்பேட் 5.71 கிராமை இன்னொரு 50 மி.லி.யில் கரைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கி வைத்துவிட வேண்டும். சில நிமிடங்களில் நீலம் தட்டி, கரும்பச்சையாகப் படியும். வினை சூடேறும். அளவைப் பத்து மடங்காக்கி ஒரே பீக்கரில் செய்தால் சூடு வெளியேற வழியில்லாமல் பொங்கிவிடும். அதிகம் வேண்டுமானால் பல தடவை செய்யுங்கள். அனிலின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் நஞ்சு, கையுறை கட்டாயம்.

பச்சைக்குப் பதில் பழுப்பாக வந்தால் முதலில் பெர்சல்பேட் டப்பாவைப் பாருங்கள். வாடைக்காற்று மாதங்களில் மூடியைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் வாங்கிக் கட்டியாகி, வீரியம் குறைந்துவிடும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் போட்டு இறுக மூடும் கலம்) வைப்பதைத் தவிர வழியில்லை.

இந்தப் பச்சைப் பொடி ஈ.ஆர். திரவத்துக்கு ஆகாது. சென்டிமீட்டருக்குச் சில சீமன்ஸ் (கடத்துதிறனை அளக்கும் அலகு) அளவு மின்சாரத்தைக் கடத்தும். 2 கிலோவோல்ட் கொடுத்தால் நேராகக் குறுக்குச்சுற்றுதான். 1 மோலார் அம்மோனியாக் கரைசலில் ஒரு நாள் கலக்கினால் பாலிமரில் ஒட்டியிருக்கும் அமிலம் கழன்று நீலமாகும், கடத்துதிறனும் சென்டிமீட்டருக்கு 10⁻⁹ சீமன்ஸ் பக்கம் இறங்கும். பிறகு வாலைவடிநீரில் கழுவ வேண்டும். இந்தக் கரையோரத்து போர்வெல் தண்ணீரில் பீக்கரை அலசினால்கூட உப்புப்படலம் ஒட்டிக்கொள்ளும்.

கழுவியது போதுமா என்று சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்பவர்கள் (குளோரைடு மிச்சமிருந்தால் சில்வர் குளோரைடாகி வெள்ளையாகக் கலங்கும்) ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். வடிநீரில் அம்மோனியா மிச்சமிருந்தால் சில்வர் குளோரைடு அதில் கரைந்துவிடும்; கலங்கல் தெரியாது, சுத்தமாகிவிட்டதென்று நினைத்துவிடுவோம். முதலில் நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு அமிலமாக்கிவிட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விடுங்கள்.

கழிவுநீரை மணலில் ஊற்றவே கூடாது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கேனில் சேர்த்து முறையாக அகற்றக் கொடுக்க வேண்டும்.

பொடியை வேக்குவம் அவனில் 60 டிகிரியில் வைத்து, நாலு மணி நேர இடைவெளியில் எடைபோட்டுக்கொண்டே வாருங்கள். எடை மாறாமல் நின்றால்தான் உலர்ந்ததாகக் கணக்கு. கடிகாரத்தை நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் கோடையைவிட நேரம் கூடும். வெளியே எடுத்ததும் சிலிக்கா ஜெல் உள்ள டெசிகேட்டரில்தான் ஆற வேண்டும். அதே அலமாரியில் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் இருக்கக் கூடாது. அதன் ஆவி பட்டே வடிதாளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நீலம் மறுபடி பச்சையாகும். பொடிக்குள் நடப்பதும் அதுவே.

மேலே சொன்ன அளவில் இரண்டு தடவை செய்தால் நீலப்பொடி 3 கிராம் தேறும். அரைத்து, சலித்து, மறுபடி உலர்த்தி, சூடாக்கி ஈரம் போக்கிய சிலிகான் எண்ணெய் 17 கிராமில் கலந்தால் 15 சதவீதத் திரவம் கிடைக்கும்.

சோதனைக் கலத்தில் தகடுகளின் இடைவெளி 1 மி.மீ. திரவத்தை ஊற்றுவதற்கு முன் வெறும் சிலிகான் எண்ணெயை ஊற்றி 2 கிலோவோல்ட் வரை ஏற்றிப் பாருங்கள். அப்போதே மின்னோட்டம் தெரிந்தால் குற்றம் பொடியில் இல்லை. டெஃப்லான் இடைவெளித் துண்டின் மேல் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து மின்சாரத்துக்கு வழி விடுகிறது. வாலைவடிநீரால் துடைத்து, ஐசோபுரோப்பனாலால் துடைத்து, உலர்த்துங்கள். மின்மூலத்தில் மின்னோட்ட வரம்பை ஒரு மில்லி ஆம்பியருக்குள் வைத்து, தொடும் முன் தகடுகளை எர்த் செய்ய வேண்டும்.

வெறும் எண்ணெயில் கசிவில்லாமல், திரவத்தில் மட்டும் மின்னோட்டம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால் பொடியில் ஈரமோ அமிலமோ மிச்சமிருக்கிறது. கழன்ற அமிலம் திரும்பியிருக்கிறதா என்று பொடியின் நிறமே ஓரளவு சொல்லிவிடும்.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடிச் சில்லில் 1 மி.மீ. தள்ளி இரண்டு செம்புப் பட்டைகளை ஒட்டி, எண்ணெய் சேர்த்து நீர்க்கச் செய்த திரவத்தில் ஒரு துளி விட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் 1 கிலோவோல்ட் கொடுங்கள். சிதறிக் கிடந்த துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, பட்டைக்குப் பட்டை நூல் கட்டியதுபோல் நிற்கும். திரவம் கெட்டிப்படுவது இந்தக் கோப்பினால்தான். நன்றாக உலர்ந்த பொடியில் நூல்கள் அசையாமல் நிற்கும். ஈரமுள்ளதில் மின்னோட்டம் எகிறி, சில நேரம் பொறி பறந்து அறுந்துபோகும்.

பாலிஅனிலின் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் வைத்திருக்க வைத்திருக்க அடியில் தங்கும். பாட்டிலைக் குலுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். திறந்த பாட்டிலை அன்றே மூடி, வாரம் ஒருமுறை அதே 2 கிலோவோல்ட்டில் மின்னோட்டத்தைக் குறித்து வாருங்கள். ஏறிக்கொண்டே போனால் மூடி இறுக்கமாக இல்லை.