அயிரை முதுகு

சிங்கப்பூரில் ஒரு பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். முதலாளி வெளியே போயிருந்தார். வயதான சீன அம்மா ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூவேலை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஆறு எழுத்து முத்திரை: மிங் பேரரசு, செங்ஹுவா காலத்தில் செய்தது. அதாவது 1465க்கும் 1487க்கும் இடையில். அந்தக் காலத்தில் கோழிப் படம் வரைந்து செய்த கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போயிருந்தது. அப்படிப்பட்டது செய்தித்தாளில் சுற்றியா வரும்? ஓவியமும் மிங் காலத்தது மாதிரி தெரியவில்லை. "இது போலி, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் ஒன்றும் பேசாமல் மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் கைபேசியில் எடுத்த படங்களை முதலாளியிடம் காட்டினேன். அவர் முத்திரையைத் தாண்டிப் போய், கிண்ணம் நிற்கிற அடிவளையத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பூச்சு இல்லாத மண் விளிம்பு, வழவழவென்று உருண்டிருந்தது. சீன வியாபாரிகள் இதை ஒரு மீனின் முதுகோடு ஒப்பிடுவார்கள். நம் அயிரை மீனின் இனம்தான். "காங்ஷி காலமாக இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

காங்ஷி, மிங் வம்சத்துக்குப் பிறகு 1661 முதல் 1722 வரை ஆண்ட சீனப் பேரரசர். 1677இல், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜென் பகுதியின் அதிகாரி, பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். உடைந்து குப்பைக்குப் போனால் பேரரசருக்கு அவமரியாதை. அப்புறம் குயவர்கள் பழைய மிங் மன்னர்களின் பெயரைப் போட்டார்கள். அந்த வேலைப்பாட்டின் மேல் அவர்களுக்கு அவ்வளவு மதிப்பு. முத்திரை சொல்வது பொய்யாக இருந்தும் பாத்திரம் முந்நூறு வருடப் பழசாக இருக்கலாம். இது தெரியாமல்தான் நான் தீர்ப்புச் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் முதலாளி ஒரு டிராயரைத் திறந்து உடைந்த சில்லுகளை என் கையில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவ வேண்டும், எடையை உணர வேண்டும். லென்ஸை அப்புறம்தான் தருவார். காலங்காலமாக மேசையில் வைத்து எடுத்த பாத்திரத்தில் கீறல்கள் நாலா பக்கமும் ஓடும். சில ஆழம், சில மயிரிழை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் எல்லாம் ஒரே திசையில் போகும். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த அடி எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும்.

ஆனால் அடியை மட்டும் நம்பினாலும் ஆபத்து. உடைந்த பழைய பாத்திரத்தின் அடியை வெட்டிப் புது உடம்போடு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடியிலிருந்து துளி மண் துளைத்தெடுத்து வயதைச் சோதித்தால், ஆய்வகமே பழசு என்று சொல்லிவிடும். அதனால் உள்பக்கம் விரலை விட்டு, ஒட்டு தட்டுப்படுகிறதா என்று சுற்றிலும் தடவுகிறேன். முத்திரையைக் கடைசியில்தான் படிக்கிறேன்.

அந்த ஆன்ட்டி திரும்ப வரவே இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், உட்காரவைத்து, தொலைபேசி எண்ணை எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் பொருளைத் தொடுகிறேன்.