அம்பாசிடர் எஞ்சினுக்கு வால்வு மாற்றிய அனுபவம்

தருமபுரியில் எங்கள் வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர் மார்க் 4 காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும் என்பதைத் தொப்பூர் கணவாய்தான் முதலில் உணர்த்தியது. ஆக்சிலேட்டரை விட்டுக் கியரிலேயே சேலம் பக்கம் இறங்கி, கீழே வந்து மீண்டும் மிதித்தபோது சைலன்சரிலிருந்து நீலப்புகை கிளம்பியது. இறக்கத்தில் இன்டேக் (காற்றும் பெட்ரோலும் நுழையும்) பக்கம் உண்டாகும் வெற்றிடம், தேய்ந்த வால்வு கைடுகளின் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்கள்) வழியாக ஆயிலை உள்ளே இழுப்பதன் அடையாளம் அது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தது. அதில் சிறிது ஆயில் விட்டுப் பார்த்தும் அழுத்தம் உயராததால், குறை பிஸ்டன் ரிங்கில் இல்லை, வால்வில்தான் என்பது தெளிவாயிற்று.

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியதும் அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு ஓரம் கருகி அரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இந்த எஞ்சினில் 2, 3 ஆகிய சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அடுத்தடுத்து அமைந்து ஒரே வழியில் புகையை வெளியேற்றுவதால் அவ்விடத்தில் வெப்பம் மிகுதி.

வால்வை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கைடு தேய்ந்திருந்தால் வால்வு ஆடும். ஆடும் வால்வு, தான் பொருந்தி மூட வேண்டிய சீட்டில் முழுவட்டமாக அமராது. அமராத வால்வால் தன் வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்த முடியாது என்பதால், புதியதும் பழையதைப் போலவே கருகும். ஆகவே ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து முதலில் கைடுகளை மாற்றி, ரீமர் போட்டு (துளையைச் சரியான அளவுக்குச் சீவி), அந்தப் புதிய கைடையே மையமாகக் கொண்டு 45 டிகிரியில் சீட்டுகளை வெட்டச் சொன்னேன். இந்த வரிசையை மாற்றினால் சீட்டின் மையம் விலகிவிடும்.

எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான தனி சீட் வளையங்களையும் பதிக்கச் செய்தேன். இந்த வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட்டுகள் ஹெட்டிலேயே வெட்டப்பட்டவை. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் அவற்றின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காத்து வந்தது. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்ட பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. செலவு கூடினாலும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வீட்டில் ஒவ்வொரு வால்வையும் அதனதன் சீட்டில் நைஸான அரைப்பு பேஸ்ட் இட்டு, சாம்பல் நிறத்தில் உடையாத வளையம் தெரியும்வரை கையாலேயே அரைத்தேன். பேஸ்ட் துளியும் தங்காமல் கழுவி, ஸ்பிரிங்குகளை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எரிப்பறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். எந்த வழியிலும் கசியவில்லை.

ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைச் சூடாக ஓட்டி, ஆறியபின் நட்டுகளை மீண்டும் முறுக்கிய பிறகே டேப்பெட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம்) 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு என இறுதியாக வைத்தேன். நட்டு இறங்கினால் இடைவெளி குறையும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும் என, கூட்டுத்தொகை ஒன்பது வருமாறு பார்த்தால் வரிசை தவறாது. அதன்பின் எக்ஸாஸ்ட் இடைவெளி மட்டும் தொடர்ந்து குறைந்தால் சீட் உள்வாங்குகிறது என்று பொருள். வளையம் பதித்த பின் நான் பார்த்தவரை அது மாறவில்லை.